புளிப்பது வேறு, அழுகுவது வேறு



மார்கழி, தை மாதங்களில் காய்கறிச் சந்தைக்குச் சென்று வருவோர் அறிவர்: முட்டைக்கோசும் முள்ளங்கியும் காரட்டும் குவிந்து கிடக்கும், விலையோ விழுந்து கிடக்கும். வண்டிக் கூலிக்கும் கட்டாது என்று, விளைவித்தவரே தம் விளைச்சலைச் சந்தையோரத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் நாட்களும் உண்டு. சில மாதங்கள் சென்றபின், கோடையில், அதே காயின் விலையைக் கேட்கவே நாம் தயங்குகின்றோம். மலிந்த காலத்தில் வாங்கி, அருகிய காலத்திற்கு வைத்துக்கொள்ள வழி ஏதும் இல்லையா என்று இல்லத்தரசியர் பலர் கேட்பதுண்டு. சிறு வருமானத்தில் குடும்பம் நடத்துவோருக்கு இது வீண் கேள்வியன்று.

வழி உண்டு. அது புதியதும் அன்று. காயும் உப்பும் ஒரு ஜாடியும் சில நாட்பொறுமையும் இருந்தால் போதும். ஆயினும் அதனைச் செய்ய முற்படுவோர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. புளிப்பது வேறு, அழுகுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் இரண்டு வகையில் இழப்படைகின்றனர். நன்றாகப் புளித்த பண்டத்தைக் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுவோர் ஒரு சாரார். உண்மையாகவே கெட்டுப்போனதை, வீணாக்கலாகாதே என்று உண்டு நோயுறுவோர் மற்றொரு சாரார். முன்னவர்க்குப் பொருள் நட்டம். பின்னவர்க்கோ உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவேதான் இம்மாதம் இப்பொருளைச் சற்று விரிவாகவே எழுத முற்பட்டோம்.

மாவடு ஜாடி சொல்லும் பாடம்

நம் பாட்டிமார் மாவடு போட்ட முறையை நினைவுகூருங்கள். மாம்பிஞ்சுகளைக் காம்பு போகாமல் கழுவித் துடைத்து, சிறிது விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பிட்டுப் பீங்கான் ஜாடியில் நிரப்புவர். நாள்தோறும் ஒருமுறை ஜாடியைக் குலுக்கி வைப்பர். சில நாட்களில் பிஞ்சுகள் சுருங்கும். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாத ஜாடியில் நீர் ஊறி நிற்கும். பின்னர் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் சேர்ப்பர். ஈரக்கையை ஜாடிக்குள் விடாதே, எச்சில் கரண்டியை இடாதே என்று வீட்டுச் சிறுவர்களைக் கண்டிப்பர். அக்கண்டிப்பில் காரணம் இருந்தது. வெளியிலிருந்து புகும் ஈரம் உப்பின் வலிமையைக் குறைக்கும். வேண்டாத கிருமிகளையும் உடன் கொண்டுவரும்.

அந்த அம்மையார்கள் விஞ்ஞானம் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும் என்பதையும், அந்த நீருக்குள் அமிழ்ந்திருக்கும் காய் கெடாது என்பதையும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். இன்று அந்த ஜாடிகள் பல வீடுகளில் பரண்மேல் ஏறிவிட்டன. கடையில் வாங்கும் போத்தல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடைப் போத்தல்கள் பலவற்றில் புளிப்பைத் தருவது வெளியிலிருந்து ஊற்றப்பட்ட வினிகர். நாம் ஈண்டுப் பேசுவதோ, காயே தனக்கு வேண்டிய புளிப்பை உண்டாக்கிக்கொள்ளும் முறையாகும்.

ஜாடிக்குள் நடப்பது என்ன?

பால் புளிப்பதையும் மாவு பொங்குவதையும் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கண்டிருந்தும், அதன் காரணத்தை அறியாதிருந்தான். 1857ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லீல் நகரில் லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானி, புளிப்புக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே என்று எடுத்துக்காட்டினார். அதுமுதலே இத்துறையில் தெளிவு பிறந்தது.

முட்டைக்கோசின் இலையிலும் முள்ளங்கியின் தோலிலும் பல்வகை நுண்ணுயிர்கள் இயல்பாகவே தங்கியிருக்கின்றன. அவற்றுள் அழுகச் செய்வனவும் உண்டு. இலாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிக்கச் செய்வனவும் உண்டு. காயை வெறுமனே மூடி வைத்தால் முன்னவை முந்திக்கொள்ளும். தக்க அளவு உப்பிட்டுக் காற்றுப்படாமல் நீரில் அமிழ்த்தி வைத்தால், உப்பைத் தாங்காத அழுகற்கிருமிகள் தளர்கின்றன; உப்பைத் தாங்கவல்ல இலாக்டிக் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை காயிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன.

இவ்வேலையை ஒரே இனம் செய்து முடிப்பதில்லை. முதலில் வருவது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்பது. பெயர் புதிதாய்த் தோன்றினும் அதன் வேலை நமக்குப் பழகியதே. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதில் பெரும்பங்கு இதற்குண்டு. இது அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளியிட்டு, ஜாடிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகின்றது. முதல் சில நாட்களில் குமிழிகள் எழுவது இதனாலேயே. புளிப்பு மிகும்போது அதனைத் தாங்க மாட்டாமல் இது ஓய்கின்றது. அப்போது, மிகுந்த புளிப்பிலும் வாழவல்ல லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் எனப்படும் இனம் எழுந்து எஞ்சிய வேலையை முடிக்கின்றது. 2020ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதன் முதற்பெயரை மாற்றியமைத்துள்ளனர், வேலை மாறவில்லை.

அமிலத்தன்மையை அளக்க விஞ்ஞானிகள் பி.எச். என்னும் அளவைக் கையாள்கின்றனர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகுதி என்று பொருள். இந்த அளவு 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால், பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இயலாது. நன்றாகப் புளித்த முட்டைக்கோசில் இது 3.5 அளவுக்கு இறங்கி நிற்கும். ஜாடியின் பாதுகாப்பு இந்தப் புளிப்பில்தான் இருக்கின்றது.

பிற நாட்டார் பழக்கம்

செருமானியர் முட்டைக்கோசை மெல்லியதாய் நறுக்கி உப்பிட்டுப் புளிக்க வைத்துச் சார்க்ரவுட் என்று அழைக்கின்றனர். கடும் பனிக்காலத்தில் பச்சைக் காய் கிடைக்காத அந்நாட்டில் பல தலைமுறைகளைத் தாங்கிய உணவு அது. ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் 1768இல் எண்டேவர் என்னும் கப்பலில் புறப்பட்டபோது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சார்க்ரவுட்டை ஏற்றிச் சென்றார். நெடுங்கடற்பயணத்தில் ஈறு வீங்கிக் குருதி வடிந்து மாலுமிகள் மடிவது அந்நாளில் வழக்கம். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்னும் நோய் அது. அக்காரணம் அன்று எவருக்கும் தெரியாது.

மாலுமிகளோ அந்தப் புளித்த கோசைத் தொடவும் மறுத்தனர். குக் அவர்களை அதட்டவில்லை. அதிகாரிகளின் மேசையில் அதனை நாள்தோறும் பரிமாறச் செய்தார். மாலுமிகள் விரும்பினால் உண்ணலாம், இல்லையேல் விடலாம் என்றார். ஒரு வாரம் செல்லுமுன், எல்லாரும் கேட்கத் தொடங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்ததென்று 1769ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அப்பயணத்தில் ஸ்கர்வி கொள்ளையிடவில்லை. அதற்குச் சார்க்ரவுட் மட்டுமே காரணம் அன்று. கரை சேர்ந்த இடமெல்லாம் பசுங்கீரைகளைத் தேடி உண்ணச் செய்ததும் காரணமாகும். பிள்ளைகள் காய் உண்பதில்லை என்று முறையிடும் பெற்றோர் குக்கின் இந்த உத்தியைச் சிந்திக்கலாம். பெரியவர் தட்டில் இல்லாததைப் பிள்ளையின் தட்டில் திணிப்பது பலன் தருவதில்லை.

கொரிய நாட்டில் கிம்ச்சி இல்லாத சாப்பாடு இல்லை. குளிர்காலம் தொடங்குமுன் உறவினரும் அண்டை வீட்டாரும் ஓரிடத்தில் கூடிக் கோசுக்கு உப்பிட்டு, மிளகாய்ப்பொடியும் பூண்டும் இஞ்சியும் கலந்து, மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கான கிம்ச்சியைச் செய்து பகிர்ந்துகொள்வர். கிம்ஜாங் எனப்படும் இவ்வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 2015இல் வடகொரியாவின் வழக்கமும் அவ்வாறே சேர்க்கப்பட்டது. நம் நாட்டின் வடபகுதியிலும் குளிர்காலத்தின் இறுதியில் கருங்காரட்டை நறுக்கி, கடுகுப்பொடியும் உப்பும் இட்டு நீரில் ஊறவைத்து, காஞ்சி என்னும் புளிப்புப் பானம் செய்கின்றனர். ஊர்தோறும் காய் வேறு, காரம் வேறு, அடிப்படை ஒன்றே.

செய்முறை

முதலில் முட்டைக்கோசில் தொடங்குவது எளிது. குளிர்ந்த மாதங்களே இதற்கு ஏற்றவை. 21 முதல் 24 பாகை வெப்பத்தில் இது செவ்வனே புளிக்கும். அதற்கு மேல் போகப்போக விரைந்து புளிக்குமேயன்றி, காய் குழைந்துவிடும். ஆகவே சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள்.

ஒரு கிலோ கோசின் வெளி இலைகளை நீக்கி, கழுவி, நீர் வடித்து மெல்லியதாய் நறுக்குங்கள். வேகவைத்தல் ஆகாது, வேகவைத்தால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் மாண்டுபோகும். ஒரு கிலோவுக்கு 25 கிராம் உப்பு. இதனைக் கரண்டியால் அளவாதீர்கள். ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டி தூள் உப்பும் எடையில் ஒன்றல்ல. வீட்டில் தராசு இல்லையேல், கடையில் 100 கிராம் உப்பை நிறுத்து வாங்கி அதனை நான்கு சம பங்காக்கினால் ஒரு பங்கு 25 கிராம். அயோடின் கலந்த உப்பு இதற்கு உதவாது என்னும் அச்சம் தேவையற்றது.

உப்பையும் கோசையும் சுத்தமான கையால் பத்து நிமிடம் நன்கு பிசைந்தால் நீர் கசியும். அதனைக் கண்ணாடி ஜாடியிலோ, மெருகு உரியாத பீங்கான் ஜாடியிலோ இட்டு, காற்று இடைவெளி இல்லாதபடி அழுத்துங்கள். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் கூடா. அமிலம் அவற்றை அரிக்கும். முழுக் கோசிலை ஒன்றை மேலே பரப்பி, அதன்மேல் நீர் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பியைப் பாரமாக வையுங்கள். காய் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். இதுவே தலையாய விதி. ஊறிய நீர் போதாவிடில், கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டருக்கு 25 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்து ஊற்றுங்கள்.

ஜாடியின் வாய்வரை நிரப்பாமல் மூன்று விரற்கிடை இடம் விடுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள்; வாயு வெளியேற வழி வேண்டும், இல்லையேல் ஜாடி வெடிக்கவும் கூடும். வெயில் படாத இடத்தில் ஒரு தட்டின்மேல் வையுங்கள். முதல் சில நாட்கள் நீர் பொங்கி வழியலாம். தட்டில் வழிந்த நீருக்கு எறும்பு வரும், அன்றாடம் துடைத்துவிடுங்கள்.

குளிர்ந்த நாடுகளில் இது மூன்று நான்கு வாரம் எடுக்கும். நம் ஊரில் மூன்றாம் நாளே புளிப்பு தெரியத் தொடங்கும். ஒரு வாரம் சென்றபின் சுத்தமான உலர்ந்த கரண்டியால் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். நாவுக்குத் தெளிவாகப் புளித்தபின் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால், நீருக்குள் அமிழ்ந்திருக்கும்வரை சில மாதங்கள் நலமாய் இருக்கும். காரட், முள்ளங்கி, பீன்ஸ் போன்ற கெட்டிக் காய்களைத் துண்டாக்கி, லிட்டருக்கு 40 கிராம் உப்புக் கரைத்த நீரில் இதே முறையில் புளிக்க வைக்கலாம். இரண்டு பச்சைமிளகாயும் ஒரு துண்டு இஞ்சியும் சிறிது கடுகும் சேர்த்தால் நம் நாவுக்கு இசைந்திருக்கும்.

எதனை எறிவது?

இனி நாம் முதலில் சொன்ன வேறுபாட்டிற்கு வருவோம். நீர் கலங்குவது இயல்பே. குமிழி எழுவதும் இயல்பே. புளித்த மோரைப் போன்ற கூரிய மணமும் இயல்பே. நீரின்மேல் வெண்மையான மெல்லிய ஏடு படர்வதும் உண்டு. அது ஒருவகை ஈஸ்ட். தீங்கற்றது, ஆயினும் அதனை வழித்தெறிந்து, காய் அமிழ்ந்திருக்கின்றதா என்று பாருங்கள்.

பஞ்சுபோல் மயிர் எழுந்து பச்சை, கருமை, சிவப்பு நிறம் காட்டும் பூஞ்சணம் வேறு. அதனைக் கண்டால் மேலாக நீக்கிவிட்டு அடியில் உள்ளதை உண்ணலாம் என்று எண்ணாதீர்கள், முழுவதையும் எறிந்துவிடுங்கள். காய் வழுவழுத்து நூல்போல் இழுத்தாலும், இளஞ்சிவப்பாய் நிறம் மாறினாலும், சாக்கடை நாற்றம் வீசினாலும் அவ்வாறே செய்யுங்கள். வாயிலிட்டுச் சுவைத்துத் தீர்மானிக்க முற்படவே கூடாது.

இவ்விடத்தில்தான் நம் குடும்பங்களின் நற்பண்பே நமக்கு எதிராக நிற்கின்றது. உணவைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். தாய்மார் பலர் பிள்ளைகளுக்கு நல்லதைப் பரிமாறிவிட்டு, பழையதையும் பூத்ததையும் தாமே உண்டு முடிக்கின்றனர். அது தியாகம் என்று எவரும் போற்ற வேண்டா. ஒரு கிலோ கோசின் விலை சில ரூபாய். ஒரு நாள் மருத்துவமனைச் செலவு அதனைப்போல் பல நூறு மடங்கு. தாய் படுத்துவிட்டால் அவ்வீட்டில் அன்று அடுப்பும் எரியாது. ஐயம் எழுந்தால் எறிந்துவிடுவதே உண்மையான சிக்கனம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பூண்டையோ மிளகாயையோ பச்சையாக எண்ணெயில் அமிழ்த்தி மூடி வைப்பது புளிக்க வைத்தல் ஆகாது. எண்ணெய் காற்றைத் தடுக்கும், அமிலத்தையோ தராது. பாட்டுலிசக் கிருமி விரும்புவது அதுபோன்ற இடத்தையே. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிரூட்டாது வைத்திருந்து பரிமாறிய உணவகம் ஒன்றில் உண்ட 36 பேர் இந்நஞ்சுக்கு ஆளாயினர். அந்நஞ்சுக்கு நிறமில்லை, பல வேளைகளில் மணமும் காட்டிக்கொடுப்பதில்லை. வேண்டிய அளவு உப்போ புளிப்போ இல்லாமல், எண்ணெய் ஊற்றினால் எதுவும் கெடாது என்று நம்புவோர் இதனை மனத்திற் கொள்க.

உடலுக்கு நன்மையா, தீமையா?

புளித்த உணவு எல்லா நோயையும் தீர்க்கும் என்போர் இன்று பெருகிவிட்டனர். அத்தனையும் நம்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. உடலின் அழற்சியைக் காட்டும் குறிகள் பல குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் அந்த ஆய்வில் பங்குகொண்டோர் மொத்தம் 36 பேரே. அதனை மருந்தென்று கொள்ளலாகாது.

மறுபுறம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆசிய நாடுகளின் மரபுவழி ஊறவைத்த காய்களை, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய சாத்தியமுள்ளவற்றின் வரிசையில் 1993இல் வைத்துள்ளது. அஞ்சி ஒதுக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். நாள்தோறும் மூன்று வேளையும் இதனையே தொட்டுக்கொண்டு, பச்சைக் காய்கனிகளைத் துறந்துவிடலாகாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

எல்லாவற்றிற்கும் மேலாக உப்பைக் கவனிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாம் சொன்ன அளவில் செய்த கோசில் 40 கிராம் உண்டால், ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு உள்ளே செல்லும். அஃதாவது ஒரு நாளின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. மாவடுவிலும் எலுமிச்சை ஊறுகாயிலும் இதனினும் மிகுதி. எனவே இதனை உண்ணும் நாளில் அப்பளத்தையும் ஊறுகாயையும் விலக்கி, குழம்பிலும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாது தொடங்க வேண்டா. கருவுற்ற தாய்மாரும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும் அவ்வாறே கேட்டுச் செய்வது நலம். உப்பு மிகுதி என்று அஞ்சி ஜாடியில் இடும் உப்பைக் குறைத்துவிடவும் கூடாது. அங்கே குறைத்தால் அழுகல் முந்திக்கொள்ளும். குறைக்க வேண்டியது தட்டில் இடும் அளவையே.

வீட்டார் கூடிச் செய்யும் வேலை

இதனைத் தாய் ஒருத்தியின் தலையில் சுமத்தாதீர்கள். தந்தை கோசை நறுக்கட்டும்; மகன் உப்பை நிறுக்கட்டும்; மகள் ஜாடியின்மேல் தேதியை எழுதி ஒட்டட்டும். அன்றாடம் காய் நீருக்குள் இருக்கின்றதா என்று பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பள்ளியில் ஏட்டில் படிக்கும் நுண்ணுயிர்களை, அவர்கள் தம் வீட்டு அடுக்களையில் குமிழிவிடக் காண்பார்கள். பாட்டி இன்னும் உயிரோடிருக்கும் இல்லங்களில், அவரிடம் மாவடு போடும் விதத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் கண்ணாலும் கையாலும் அளந்ததை ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப்பின் அந்த அளவைச் சொல்ல ஆள் இராது.

ஒரே முறையில் பத்து ஜாடி போட வேண்டா. வருகின்ற தை மாதத்தில், கோசு மலியும்போது ஒரு கிலோவில் தொடங்குங்கள். நன்றாய் வந்தால் அண்டை வீட்டிற்கு ஒரு கிண்ணம் கொடுத்து, செய்முறையையும் உடன் சொல்லுங்கள். நன்றாய் வரவில்லையேல் தயங்காமல் எறிந்துவிட்டு, உப்பின் எடையையும் நீரின் மட்டத்தையும் சரிபார்த்து மீண்டும் முயலுங்கள்.